முதல் நாலு மிதி

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், மூன்றாம் நாள் காலை ஷெட் திறப்பதற்கு முன்பே போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, வண்டிய எடுத்தா பிரேக்ல கரகரன்னு சத்தம் வருது. முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை இந்தப் புகாரும் ஓயாது. இப்படி வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு கோளாறும் இருக்காது. நடுநடுவே ஒன்றிரண்டில் மட்டும் உயிருக்கே உலை வைக்கிற கோளாறு இருக்கும். அதுவும் இதே புகாராகத்தான் வந்து நிற்கும். எது எது என்று பிரித்துச் சொல்ல ஸ்பேனரைவிடக் காதும் கேள்வியும்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

நான் தொழில் பழகியது புதுப்பேட்டையில், எண்பதுகளின் தொடக்கத்தில். அன்றைக்குத் தெருவில் ஓடியதெல்லாம் அம்பாசிடரும் ஃபியட்டும்தான். பத்மினி என்று பெயர் மாறிய பிறகும் எங்களுக்கு அது ஃபியட்தான். நாங்கள் பார்த்த வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மழைக்காலத்தில் அப்போது வந்த புகாரே வேறு. சத்தத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்; பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் வருவார்கள். தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து லைனர் வழுக்கும். உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் வெளியேறாது. வாடகை வண்டி ஓட்டிய பழைய டிரைவர்களுக்கு இது அத்துப்படி. சப்வேயைத் தாண்டியதும் இரண்டாவது கியரில் மெல்லப் போய்க்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்து, அந்தச் சூட்டிலேயே லைனரை உலர்த்திவிடுவார்கள். துரு அப்போதும் பிடித்தது. டிரம்முக்குள் மூடிக் கிடந்ததால் கண்ணில் படவில்லை. எழுந்த சத்தமும் எஞ்சின் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

எங்கள் மேஸ்திரி சத்தம் என்று வருகிற வண்டிக்கு உடனே ஜாக்கி போட விடமாட்டார். முதலில் டிரைவரிடம் பேசுவார். சத்தம் எப்போது ஆரம்பிக்கிறது, எவ்வளவு தூரம் போனதும் நிற்கிறது, பிரேக்கை மிதித்தால் கூடுகிறதா குறைகிறதா, வண்டி ராத்திரி எங்கே நின்றது. கடைசிக் கேள்வி எனக்கு அப்போது விளங்கவில்லை. வண்டி நின்ற இடத்துக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். இன்று மழைக்காலத்தில் நான் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

அந்தக் காலப் பட்டறைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. டிரம்மைக் கழற்றினால் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருக்கும். அதை வாயால் ஊதுவார்கள், இல்லையென்றால் கம்ப்ரஸர் காற்றை அடிப்பார்கள். லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் அது. அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்து புற்றுநோய் வரை கொண்டுவிடும் என்று பட்டறையில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஷெட்டில் இப்போது பிரேக் தூசியை ஈரத்துணியால் துடைத்துத்தான் எடுக்க வேண்டும்; காற்று அடிக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் இந்த விதி மாறாது. இதில் பையன்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன்.

மாருதி வந்து பரவிய பிறகுதான் முன்சக்கரத்தில் டிஸ்க் என்பது சாதாரண விஷயமாயிற்று. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வது. மழையும் அதில் படும், காற்றும் படும். தண்ணீரை உடனே உதறிவிடும் என்பதால் ஈரத்தில் டிரம்மைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் நனைந்த வண்டியை அப்படியே நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே மேல்பரப்பு முழுக்க மெல்லிய துரு படர்ந்துவிடும். காலையில் சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் பவுடர் பூசியதுபோல் இருக்கும். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். வண்டியை நகர்த்திப் பிரேக்கை மிதித்ததும் பேட் அந்தத் துருவைச் சுரண்டும். தேங்காய் துருவுகிற மாதிரியான சத்தம் அப்போதுதான் வருகிறது. நாலு மிதியில், அதிகம் போனால் தெருமுனை தாண்டுவதற்குள், நின்றுவிட வேண்டும். இறங்கிப் பார்த்தால் பேட் உரசுகிற வட்டம் வெள்ளி மாதிரி பளபளக்கும். உள் விளிம்பிலும் வெளி விளிம்பிலும் மட்டும் துரு மிஞ்சியிருக்கும். அந்த விளிம்புத் துருவால் ஒன்றும் ஆகாது.

"பைக்குல டிஸ்க் துருப்பிடிக்கலையே, லட்சக்கணக்குல காசு குடுத்து வாங்குன கார்ல ஏன் பிடிக்குது?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. நியாயமான கேள்விதான். பைக் டிஸ்க் துருப்பிடிக்காத எஃகில் செய்வது. கார் டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிறுத்தும்போது எழும் சூட்டை வாங்கிக் கடத்திவிட வார்ப்பிரும்பு அளவுக்கு அந்த எஃகு தோதுப்படாது, விலையும் கூடும். வார்ப்பிரும்பு என்றால் ஈரத்தில் துருப்பிடிக்கத்தான் செய்யும். அலாய் வீல் பரவிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாயிற்று. பழைய இரும்பு வீலும் அதன் மேல் மாட்டிய கப்பும் டிஸ்க்கை மறைத்திருந்தன. அலாயில் எல்லாம் வெளியே தெரிகிறது. கண்ணுக்குத் தெரிந்ததும் காதும் கூர்மையாகிவிடுகிறது.

மழையே இல்லாமலும் இது வரும். சனிக்கிழமை வாட்டர் வாஷ் விட்டு வாங்கி, ஞாயிறு முழுக்க வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை காலையில் எடுத்தால் இதே சத்தம்தான். வாட்டர் வாஷுக்கு விட்ட இடத்தில் எதையோ கெடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கழுவி முடிந்ததும் இரண்டு தெரு சுற்றி வந்து, நடுவில் நன்றாகப் பிரேக் பிடித்து, டிஸ்க்கைச் சூடேற்றி உலர்த்திவிட்டு நிறுத்தினால் திங்கட்கிழமைச் சத்தம் பெரும்பாலும் இருக்காது. நனைந்த வண்டிமேல் உடனே கவர் போடுவதும் கெடுதல்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே புழுங்கும். திறந்த வெளியில் நிற்கிற வண்டியைவிட மூடிவைத்த வண்டியில் துரு தடித்துப் பார்த்திருக்கிறேன்.

தடித்த துரு என்றால் சத்தமும் வேறு. திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு வண்டி வந்தது. உரிமையாளர் வெளிநாட்டு வேலையாக மழை மாதத்தில் சில வாரங்கள் போயிருந்தார். வண்டி கவருக்குள் நின்றது. திரும்பி வந்து எடுத்ததும் முதலில் டக்கென்று ஒரு சத்தம், பிறகு சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் டுப், டுப் என்று ஒரு அடி. பிரேக்கை மிதித்தால் பெடல் காலைத் தள்ளுகிறது. சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைத் திருப்பிக் காட்டினேன். பேட் உட்கார்ந்திருந்த இடம் அச்சு எடுத்ததுபோல் கறுப்பாக, ஓரமெல்லாம் வரம்பு கட்டித் தெரிந்தது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டிய ஈரம் காயாமலே கிடந்ததால் அங்கே மட்டும் துரு ஆழமாக இறங்கிவிட்டது. கடற்காற்றின் உப்பு அதற்கு இன்னும் தோது.

"பேட், டிஸ்க் ரெண்டையும் மாத்திடுங்க, நான் காசு பாக்கல" என்றார். நான் உடனே மாற்றவில்லை. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். இலேசான அச்சு ஓட்டத்தில் தேய்ந்து போய்விடும். தேயாமல் பெடல் துள்ளிக்கொண்டே இருந்தால் டிஸ்க்கை லேத்தில் ஏற்றி முகத்தைச் சீவ வேண்டும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, சீவிய பிறகும் அதற்கு மேல் நிற்குமா என்று பார்த்துத்தான் லேத்துக்கு அனுப்ப வேண்டும். நிற்காது என்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அவர் வண்டியில் அச்சு தேய்ந்து பெடல் அடங்கியது. நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட வைப்பது எனக்குப் பிடிக்காது, வாடிக்கையாளர் காசு பார்க்காதவராக இருந்தாலும் சரி.

வேளச்சேரிப் பக்கம் கனமழை எச்சரிக்கை வந்தால் ஜனங்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. பட்ட பாடு அப்படி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்த பிறகு, மேட்டில் நிறுத்தித் தப்பித்த வண்டி ஒன்றின் உரிமையாளர் போன் செய்தார். "அண்ணே, வண்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகல. ஆனா கிளம்ப மாட்டேங்குது. ஆக்ஸிலேட்டர் குடுத்தா பின்னாடி உக்காருது."

"ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துனீங்களா?"

"சரிவாச்சே அண்ணே, நல்லா இழுத்துப் போட்டேன்."

அதுதான் விஷயம். பின்சக்கர டிரம்மில் ஈரமான லைனர் நாள் கணக்கில் அழுந்திக் கிடந்தால் துரு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும். வண்டிக்குள் லிவரை இறக்கினாலும் லைனரைத் தாங்குகிற ஷூ விலகாது. சிலருக்குக் கேபிளே துருவில் இறுகிவிடும். இந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை ஏறி மிதிப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் டமார் என்ற சத்தத்தோடு ஷூ விடுபடும். பசை போட்டு ஒட்டிய லைனர் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்மிலேயே தங்கிவிடவும் கூடும். பெயர்ந்த துண்டு உள்ளே உருண்டுகொண்டிருக்கும்போது அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இருக்கிறது என்று நம்பவே கூடாது.

அவரை எதுவும் செய்யாமல் இருக்கச் சொல்லிவிட்டு நேரில் போனேன். முதலில் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். பிறகு ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் முகத்தில் மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஒரு பக்கம் நாலைந்து தட்டில் விட்டுவிட்டது. இன்னொரு பக்கம் பிடிவாதமாக இருந்தது. தட்டிக்கொண்டே இருக்கும்போது உள்ளேயிருந்து சின்னதாக ஒரு சொடக்குச் சத்தம். கையால் சுற்றினேன், கரகரப்போடு சுழன்றது. அப்படியே ஷெட்டுக்கு ஓட்டி வந்து இரண்டையும் திறந்து, லைனரில் விரிசல் இருக்கிறதா, விளிம்பு பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்து, எமரித்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினோம். சமதரையில் நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது, மழையில் ஹேண்ட் பிரேக் வேண்டாம். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சரிவில் ஹேண்ட் பிரேக்கை விட முடியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் வண்டியை ஒரு சுற்றாவது நகர்த்தி வைக்க வேண்டியதுதான்.

2015 டிசம்பர் வேறு வகை. செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு கரை உடைத்துக்கொண்டு வந்தபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் என்று எங்கிருந்தோ எல்லாம் மூழ்கிய வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சினையும் எலக்ட்ரிக்கலையும் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. பிரேக்கை யாரும் கேட்கவில்லை, நாங்களாகத் திறந்தோம். டிரம்முக்குள் வண்டல் படிந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. அது காய்ந்தால் தூளாகி லைனருக்குள் ஏறிவிடும். அப்புறம் துரு போன பிறகும் உரசல் நிற்காது, டிரம்மில் கோடு கோடாகக் கீறல் விழும். அதனால் ஷூ, பேட் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவாமல் ஒரு வண்டியையும் வெளியே விடவில்லை. பிரேக் ஆயிலையும் முழுக்க வடித்து மாற்றினோம். சாதாரண நாளிலேயே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற திரவம் அது. டாட் 3 புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு கேட்கிற அளவு 140 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரை வரை இறங்கிவிடும்.

அந்த வெள்ளத்தின் இன்னொரு பாடம் பொங்கலுக்குப் பிறகு வந்தது. "பிரேக் பக்கம் ஊன்னு சத்தம் வருதுண்ணே" என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஓட்டிப் பார்த்தால் பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் சத்தத்தில் மாற்றம் இல்லை. வேகத்தோடு மட்டும் கூடுகிறது. அது பிரேக் இல்லை, வீல் பேரிங். சேற்றுத்தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிட்டு, பல வாரம் கழித்துத்தான் வாய் திறந்தது. காலியான ரோட்டில் வண்டியை லேசாக இடதுபக்கம் ஒடித்தால் பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது ஊங்காரம் கூடினால் வலது பேரிங், வலதுபக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பேட் மாற்றி, டிஸ்க் மாற்றி, செலவுக்கு மேல் செலவு செய்து எங்களிடம் வந்து சேர்ந்த வண்டிகளும் உண்டு.

தண்ணீரில் ஓட்டிய பிறகு உலோகத்தில் உலோகம் உரசுகிற கூர்மையான கிறீச் வந்து, பிரேக்கைத் தொடாவிட்டாலும் நிற்கவில்லையென்றால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற தகடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் கூழாங்கல் மாட்டியிருக்கும். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ரிவர்ஸில் கொஞ்சம் போனாலே பல நேரம் விழுந்துவிடும். விழாவிட்டால் நீள ஸ்க்ரூடிரைவரால் தகட்டை லேசாக நெம்பினால் போதும்.

நான் மிகவும் பயப்படுகிற கோளாறு சத்தமே அதிகம் போடாதது. கேலிப்பர் இரண்டு பின்கள்மேல் நகர்ந்துதான் இரண்டு பக்கத்துப் பேட்டையும் சமமாக அழுத்துகிறது. அந்தப் பின்னை மூடியிருக்கிற சின்ன ரப்பர் உறை கிழிந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் காய்ந்து பின் இறுகிவிடும். அப்புறம் உள்பக்கப் பேட் மட்டும் வேலை செய்யும், வெளிப்பக்கப் பேட் சும்மா நிற்கும். பேட் இருக்கிறதா என்று சக்கர இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறவருக்குத் தெரிவது வெளிப்பக்கம்தான். "பேட் நிறைய இருக்கு சார், மழைத் துருதான், தானா போயிடும்" என்று வேறு இடத்தில் சொல்லி அனுப்பிய ஒரு வண்டி எங்களிடம் வந்தது. ஓட்டி வந்த அம்மாவிடம் கேட்டேன், சத்தம் நாலு மிதியில் நிற்கிறதா என்று. "இல்லப்பா, ஆபீஸ் போற வரைக்கும் இருக்கு, சாயங்காலமும் இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நாலு சக்கரத்துப் பக்கமும் புறங்கையைக் காட்டினேன், தொடாமல். ஒன்றில் மட்டும் அனல் அடித்தது, தீய்ந்த வாடையும் வந்தது. கழற்றினால் வெளிப்பக்கப் பேட் புதுசு மாதிரி. உள்பக்கம் லைனிங் முழுக்கத் தீர்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கான் கிரீஸ் தடவி, புது உறை போட்டு, பேட்டையும் டிஸ்க்கையும் ஜோடியாக மாற்றினோம். கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பிப் பின் மறுபடியும் இறுகும்.

துருச் சத்தம் பொறுக்காமல் டிஸ்க்கில் எண்ணெய் ஸ்பிரே அடிக்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளுக்கும் கதவுக் கீலுக்கும் அடிக்கிற ஸ்பிரே அது. அடித்ததும் சத்தம் போய்விடும், பிரேக்கும் சேர்ந்து போய்விடும். எண்ணெய் குடித்த பேட்டைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். டிஸ்க்கில் படக்கூடிய ஒரே ஸ்பிரே, மிச்சம் வைக்காமல் ஆவியாகிற பிரேக் கிளீனர் மட்டும்.

இப்போது மின்சார வண்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. அண்ணா நகரில் ஆசிரியை ஒருவர் தன் வண்டியைப் போன கார்த்திகையில் கொண்டுவந்தார். தினமும் ஓட்டுகிறார், ஆனாலும் கரகரப்பு வாரக்கணக்கில் போகவில்லை. பின்னெல்லாம் நன்றாக நகர்ந்தது, பேட் சமமாக இருந்தது, பேரிங்கிலும் குறையில்லை. ஆனால் டிஸ்க் நாலிலும் துரு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை மெதுவாக்கி அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. நிதானமாக ஓட்டுகிற அவருக்குப் பேட் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற வேளையே வரவில்லை. விடிகாலையில் காலி ரோட்டுக்குப் போனோம். மோட்டார் பிடிக்கிற அளவைக் குறைத்து வைக்கச் சொல்லி, பின்னால் வண்டி வராதபோது அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து அழுத்தமாகப் பிரேக் பிடிக்கச் சொன்னேன், நடுவில் ஆறவிட்டுச் சில தடவை. முன் டிஸ்க் இரண்டும் வெளுத்தன. பின்பக்கம் இடது டிஸ்க்கில் மட்டும் துரு குழி பறித்திருந்தது. அளந்து பார்த்ததில் சீவுவதற்குத் தடிமன் இருந்தது, லேத்துக்கு அனுப்பினேன். மழை மாதங்களில் வாரம் ஒரு காலை இப்படிச் செய்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மின்சார வண்டி வைத்திருக்கிற மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே போன் செய்து இதைச் சொல்லும்படி ஷெட்டில் ஏற்பாடு செய்திருக்கிறோம்.